நகக்கண் தோலை வெட்ட வேண்டாம்: வீட்டிலேயே க்யூட்டிகிள் பராமரிப்பு

நகம் தொடங்குகிற இடத்தில், வெளுத்த பிறை போலத் தெரியும் அடிப்பிறையின் மேல் மெல்லிய விளிம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைத்தான் பார்லர்களில் க்யூட்டிகிள் என்கிறார்கள். நகக்கண் என்று நாம் சொல்வது நகமும் சதையும் சேரும் இடம் முழுவதையும். க்யூட்டிகிள் அதில் ஒரு சிறு பகுதி.

அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு விதமான தோல் இருப்பது தெரியும். ஒன்று, விரலின் மேல்தோல் மடிந்து நகத்தின் மேல் வந்து நிற்கும் மடிப்பு. இது உயிருள்ள தோல். வெட்டினால் வலிக்கும், ரத்தம் வரும். இன்னொன்று, அந்த மடிப்பின் அடியிலிருந்து கிளம்பி, நகம் வளர வளர அதோடு ஒட்டிக்கொண்டே முன்னால் வரும் வெளுத்த படலம். வெங்காயச் சருகைவிட மெல்லியது. இது இறந்த தோல். உண்மையான க்யூட்டிகிள் இதுதான். இதிலும் நகத்தின் மேல் பரவிக் கிடக்கும் பகுதியை மட்டும்தான் சுத்தம் செய்ய வேண்டும். மடிப்பைப் படலம் என்று நினைத்து வெட்டுவதில்தான் முக்கால்வாசித் தொல்லைகளும் ஆரம்பிக்கின்றன.

இந்தத் தோல் எதற்கு? வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளைச் சிமெண்ட் பூசியிருப்பார்களே, அதே வேலைதான். நகத்துக்கும் மடிப்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் தண்ணீரும் சோப்பும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைத்திருக்கிறது. அந்த மடிப்புக்குக் கீழேதான் நகத்தை உற்பத்தி செய்யும் வேர்ப்பகுதி இருக்கிறது. அங்கே விழும் அடி, உடனே தெரியாது. சில வாரம் கழித்து நகத்தில் பள்ளமாகவோ கோடாகவோ வெள்ளைப் புள்ளியாகவோ வெளியே வரும்.

வந்த கோடு சீக்கிரம் போகவும் போகாது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. தான் வளர்கிறது. தீபாவளிக்கு வைத்த மருதாணி பொங்கலன்று நகத்தின் பாதியைத் தாண்டி மேலே ஏறியிருப்பதைப் பார்த்தால் அந்த வேகம் புரியும். அடியில் விழுந்த பள்ளம் நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போக ஏறக்குறைய 6 மாதம். கால் கட்டைவிரல் நகமென்றால் 12 முதல் 18 மாதம்.

தோலைக் கெடுப்பது எது

குளிர்காலம், வறட்சி என்று காரணம் சொல்வது வழக்கம். ஆனால் நம் வீடுகளில் முதல் காரணம் தண்ணீர்தான். ஒரு நாளில் எத்தனை முறை கை நனைந்து காய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: காலையில் பாத்திரம், பிறகு அரிசி களைவது, காய் நறுக்குவது, துணி அலசுவது, தரை துடைப்பது, மறுபடி பாத்திரம். நனையும்போது தோல் ஊறி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. சோப்பு அதன் இயற்கையான எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. தோலின் பிஹெச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண்) 5-ஐ ஒட்டி இருக்கும். துணி சோப்பும் பாத்திர சோப்பும் பெரும்பாலும் 9, 10 என்று காரமாக இருக்கும். இப்படி ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து, படலத்தின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். தூக்கிய விளிம்பு எதிலாவது மாட்டிக் கிழியும்.

அடுத்தது கம்பி நார். விரல் நுனியால் அதை அழுத்தித் தேய்க்கும்போது பாத்திரத்தோடு நகக்கண்ணும் தேய்கிறது. தேங்காய் துருவும்போதும் இதே கதை. எலுமிச்சை பிழிவது, புளி கரைப்பது இரண்டும் ஏற்கெனவே விண்டிருக்கும் தோலில் எரிச்சலைக் கூட்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவமும் ஹேண்ட் சானிடைசரும் எண்ணெய்ப் பசையை மொத்தமாக உறிஞ்சிவிடும். அசிட்டோன் இல்லாத ரிமூவர் என்று எழுதியிருந்தாலும் அதுவும் உலர்த்தத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக.

கடைசிக் காரணம், பல். பேசிக்கொண்டே, படித்துக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே நகத்தோரத் தோலைக் கடித்துப் பிய்ப்பவர்களுக்கு எந்த எண்ணெயும் முழுப் பலன் தராது. அதைப் பற்றிப் பின்னால்.

என்னென்ன வேண்டும்

அதிகம் இல்லை. ஆரஞ்சு ஸ்டிக் என்ற பெயரில் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கும் மரக்குச்சிகள் ஒரு கட்டு. ஒரு முனை உளி போலச் சரிந்தும் மறுமுனை கூராகவும் இருக்கும். வழுவழுப்பானதாகப் பார்த்து வாங்குங்கள். செதில் எழும்பிய குச்சி தோலில் கீறும். சுத்தமான பருத்தித் துணி, சின்னக் கிண்ணம், எண்ணெய், வாசலின். நகத்தோரம் நீட்டிக்கொண்டிருக்கும் தோல் பிசிறை வெட்ட, முனை கூரான நல்ல நிப்பர் (சின்னக் குறடு போன்ற வெட்டி) ஒன்று. அது இல்லையென்றால் கூர் மழுங்காத நகவெட்டி போதும். கருவிகளைத் துடைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அல்லது சர்ஜிக்கல் ஸ்பிரிட்.

தோலைப் பின்னால் தள்ளும் இரும்பு புஷர் வேண்டாமா? கை பழகியவர்களுக்குச் சரி. வீட்டில் தானே செய்துகொள்பவருக்கு அது தேவைக்கு அதிகமான ஆயுதம். மரக்குச்சி அதிகம் அழுத்தினால் தானே வளையும், மழுங்கும். இரும்பு வளையாது, நகம்தான் வளையும். இன்னொரு சிரமம்: வலது கைக்காரர் தன் வலது கை விரல்களை இடது கையால் செய்ய வேண்டும். அந்தக் கையில் அழுத்தம் எவ்வளவு என்று கணக்குத் தெரியாது.

15 நாளுக்கு ஒருமுறை செய்வது

வாரம் ஒருமுறை தேவையில்லை. இரண்டு வாரத்தில் நகம் ஒன்றரை மி.மீ. அளவுக்குத்தான் வளர்ந்திருக்கும், ஒட்டிய படலமும் அவ்வளவுதான். இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்காருங்கள். முடித்த கையோடு மறுபடி பாத்திரம் தேய்க்கப் போனால் செய்ததெல்லாம் வீண்.

1. பாலிஷ் இருந்தால் முதலில் அழிக்க வேண்டும். அதற்கு முன் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் லேசாக வாசலின் தடவிக்கொண்டால் ரிமூவர் தோலை அவ்வளவாக உலர்த்தாது. நனைத்த பஞ்சை நகத்தின் மேல் 10 விநாடி அழுத்தி வைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பாக எடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் சாயம் முழுவதும் மடிப்புக்குள் போய் உட்காரும்.

2. கையைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் விரல் நுனிகளை 3 முதல் 5 நிமிடம் வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். அதில் ஷாம்பூ, உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். நேரம் கூடினால் நன்றாக ஊறும் என்று 15 நிமிடம் வைப்பவர்கள் உண்டு. நகம் தண்ணீரை வாங்கி உப்பிக்கொள்ளும், உயிர்த்தோலும் வெளுத்து ஊறிவிடும்; பிறகு எது படலம், எது மடிப்பு என்றே தெரியாது. குளித்த உடனே செய்வதாக இருந்தால் இந்தப் படியே தேவையில்லை.

3. ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒவ்வொரு நகத்தின் அடியிலும் ஒரு சிறு சொட்டு எண்ணெய் வைத்து, பெருவிரலால் வட்டமாகத் தேயுங்கள். விரலுக்கு 15 விநாடி. எண்ணெய் இருந்தால் குச்சி வழுக்கும், கீறாது.

4. குச்சியின் சரிந்த முனையில் ஒரு சிட்டிகைப் பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள். குச்சியை நகத்தின் மேல் ஏறக்குறையப் படுக்கப் போட்டுப் பிடியுங்கள். நட்டக்குத்தலாகப் பிடித்தால் முனை நகத்தைக் குத்தும். நகத்தின் நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போங்கள். ஒரேயடியாகத் தள்ளாமல் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினால் வெளுத்த படலம் செதில் செதிலாக எழும்பி வரும். மடிப்பு பின்னால் நகர வேண்டிய தூரம் அரை மி.மீ.கூட இல்லை. பிறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தள்ளக் கூடாது. பிறை எவ்வளவு தெரியும் என்பது விரலுக்கு விரல், ஆளுக்கு ஆள் மாறும். சுண்டுவிரலில் பலருக்குத் தெரியவே தெரியாது.

5. எழும்பிய செதில்களை ஈரத் துணி சுற்றிய விரலால் துடைத்தெடுங்கள். வராததை விட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்.

6. பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் வெட்டி, கையை ஒருமுறை நீரில் அலசி, ஈரம் முழுதும் காயும் முன் எண்ணெயும் அதன் மேல் வாசலினும் பூசிவிட்டுப் படுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை: இறந்த படலத்தைத் தேய்த்தால் எந்த உணர்வும் இருக்காது. சுருக்கென்றாலோ ரோஜா நிறமாகச் சிவந்தாலோ உயிர்த்தோலைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த விரலை அத்தோடு விடுங்கள்.

சிலருக்குப் படலம் கெட்டியாக, நகத்தின் கால்பங்கு வரை ஏறியிருக்கும். அவர்களுக்குத் தண்ணீர் போதாது. க்யூட்டிகிள் ரிமூவர் என்று விற்கும் திரவம் தேவைப்படலாம். பெரும்பாலானவற்றில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு. அதாவது காரம். தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கரைப்பதே அதன் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நகத்தின் அடியில் மட்டும் மெல்லிய கோடாக வைத்து, லேபிளில் போட்டிருக்கும் நேரம் மட்டும் விட்டு (வழக்கமாக ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும்), குச்சியால் நீக்கி, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். பத்து விரலுக்கும் ஒரே நேரத்தில் வைத்தால் கடைசி விரலுக்குப் போவதற்குள் நேரம் தாண்டிவிடும். இரண்டு மூன்று விரலாகச் செய்யுங்கள். கழுவாமல் மிச்சம் விட்டால் அது கரைத்துக்கொண்டே இருக்கும். நகம் மெழுகு போல மிருதுவாகி நுனி பிரியும். வெட்டுக்காயம், வெடிப்பு இருக்கும் விரலில் தொடவே கூடாது. மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

இதற்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் கலந்து தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. ஒன்று புளிப்பு, இன்னொன்று காரம். சேர்ந்தால் நுரைத்து அடங்கிவிடும், அவ்வளவுதான். அதைவிட, எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குத் தீக்காயம் போலக் கொப்பளித்துக் கறுத்துப் போகும். தேவையா?

தினமும் செய்வது: எண்ணெய்

மேலே சொன்னதை ஒருவர் செய்யாமலே விட்டாலும் குறையில்லை. இதைச் செய்தால் போதும். க்யூட்டிகிள் பராமரிப்பில் முக்கால் பங்கு எண்ணெய்தான்.

எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடி வைக்கிறது. ஆகவே காய்ந்து வறண்ட கையில் பூசுவதைவிட, கழுவித் துடைத்த ஈரப்பதத்தோடு பூசினால்தான் பலன். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. பத்து விரலுக்கும் சேர்த்து மூன்று நான்கு சொட்டுக்கு மேல் ஆகாது.

10 மி.லி. கலவைக்கு ஒரு கணக்கு: தேங்காய் எண்ணெய் 6 மி.லி., நல்லெண்ணெய் அல்லது பாதாம் எண்ணெய் 3 மி.லி., விளக்கெண்ணெய் 1 மி.லி. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் அளந்தால் சுலபம். தேங்காய் எண்ணெய் இலகுவாகப் பரவும். விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று பிடித்து நிற்கும். அதனால்தான் அது கொஞ்சம். அதையே முழுசாகப் பூசினால் தலையணை உறைக்குத்தான் நல்ல போஷாக்கு. மார்கழியிலும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் (24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டத் தொடங்கும்). அங்கே நல்லெண்ணெயின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். கடுகெண்ணெய் சிலருக்கு எரியும், தவிர்த்துவிடுங்கள். வாசனைக்காக எசென்ஷியல் ஆயில் சேர்ப்பதும் வேண்டாத வேலை. வெடித்த தோலில் ஒவ்வாமை வர அது ஒன்றே போதும். வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து சேர்ப்பவர்கள், முதலில் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சிலருக்கு அரிப்பைத் தரும்.

சின்ன ரோல்-ஆன் பாட்டிலில் ஊற்றி வைத்தால் பையிலும் போட்டுக்கொள்ளலாம். பாட்டில் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பழைய நெயில் பாலிஷ் பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பிரஷ்ஷின் அடியில் ஒட்டியிருக்கும் சாயமும் ரிமூவரும் முழுசாகப் போவதே இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

எண்ணெய்க்கு மேல் வாசலின் பூசுவது இரவு வேலை. விரலுக்கு ஓர் அரிசி அளவு. மேலே பருத்திக் கையுறை போட்டுப் படுத்தால் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் வெக்கையில் முழு இரவும் கையுறை போட முடியாது என்பவர்கள் டிவி பார்க்கும் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டால்கூடப் போதும். நகத்தோரம் காய்த்துப்போய்க் கெட்டியாக இருப்பவர்கள் 10 சதவீத யூரியா உள்ள கிரீமை இரவில் பூசலாம். அது கெட்டித் தோலை இளக்கும். வெடிப்பில் பட்டால் எரியும். வெடிப்பு ஆறும்வரை வாசலினே போதும்.

கையுறை என்றதும் பாத்திரம் தேய்ப்பதற்கான ரப்பர் கையுறையைச் சொல்லாமல் விட முடியாது. அதை நேராகப் போடக் கூடாது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர். தனி ரப்பருக்குள் கை வியர்த்து, அந்த வியர்வையிலேயே ஊறும். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிவிடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்த கையுறையைப் போட்டுக்கொண்டே வேலை செய்வது, கையுறை இல்லாமல் செய்வதைவிட மோசம். முடிந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நைட்ரைல் கையுறை இருக்கிறது.

பிசிறு

நகத்தின் பக்கவாட்டில் முள் போல நீட்டிக்கொண்டு, சேலை நூலிலும் தலைமுடியிலும் மாட்டி உயிரை வாங்குமே, அது. பார்க்க இறந்த தோல் போல இருந்தாலும் அதன் அடி உயிர்த்தோலில் இருக்கிறது. பிடித்து இழுத்தால் நுனியில் நிற்காது. கீழே, பின்னால், உயிருள்ள இடம் வரை உரித்துக்கொண்டே போகும். பல்லால் இழுத்தால் வாயின் கிருமியும் சேர்ந்து அந்தப் புண்ணுக்குள் போகும்.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்த நிப்பரை விரலுக்கு இணையாகப் படுக்க வைத்து, பிசிறு கிளம்பும் இடத்துக்கு மிக அருகில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டும்போது இழுக்காதீர்கள். நிப்பரை அழுத்திவிட்டு, முழுவதும் துண்டான பிறகு திறக்க வேண்டும். பாதி வெட்டிக் கையை இழுப்பதுதான் கிழிவதற்குக் காரணம். கொஞ்சம் குட்டையாக நின்றாலும் பரவாயில்லை, எண்ணெய் போட்டால் அமுங்கிவிடும். ஏற்கெனவே கிழிந்து ரத்தம் வந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் வைத்து, ஒரு பிளாஸ்திரி சுற்றி ஒரு நாள் விடுங்கள். பிளாஸ்திரி நனைந்தால் மாற்ற வேண்டும்.

நிப்பர், நகவெட்டி எல்லாம் வீட்டில் ஆளுக்கு ஒன்று இருப்பது நல்லது. கொஞ்சம் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் ரத்தம் வழியாகப் பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் 7 நாள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். ஒவ்வொரு முறையும் சோப்பில் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டில் துடைத்து வையுங்கள். மரக்குச்சியை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஒருவர், ஓரிரு முறை, பிறகு குப்பை.

நகச்சுத்து வந்தால்

வெட்டிய தோல், பிய்த்த பிசிறு, கடித்த நகம் இவற்றில் ஏதோ ஒன்று வழியாகக் கிருமி இறங்கினால் இரண்டு மூன்று நாளில் நகத்தின் ஓரம் சிவந்து, வீங்கி, விண் விண்ணென்று தெறிக்கும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. உடனே வீட்டில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை ஓட்டை போட்டு எடுத்து வருவார். விரலுக்குக் குல்லாய் போட்டது போல அதைச் சொருகிவிடுவது நம்மிடையே அவ்வளவு பழக்கம். பழம் குளிர்ச்சியாக இருப்பதால் சற்று நேரம் இதமாகத் தெரியும். விரலை அசைக்காமல், எதிலும் இடித்துக்கொள்ளாமல் வைத்திருக்கவும் உதவும். ஆனால் உள்ளே சேர்ந்த சீழை அது வெளியே கொண்டுவராது. தோல் விண்டிருந்தால் சாறு எரிச்சலைத்தான் கூட்டும். இரவு முழுக்க வைத்திருந்தால் தோல் ஊறி வெளுத்து இன்னும் பலவீனமாகும். மஞ்சளும் மருதாணியும் அரைத்துக் கட்டுவதில் இன்னொரு சங்கடம்: சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையே அந்தச் சாயம் மறைத்துவிடும்.

ஆரம்ப நிலையில் செய்ய வேண்டியது எளிது. வெதுவெதுப்பான நீரில் ஒரு முறைக்கு 10, 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்து, எடுத்ததும் நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். இங்கே ஊறவைப்பது வேறு நோக்கத்துக்கு. முன்பு சொன்ன 5 நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஓரிரு நாளில் வலி குறையத் தொடங்க வேண்டும். மஞ்சளாகச் சீழ் கட்டிவிட்டால் ஊசியால் குத்துவது, அழுத்திப் பிதுக்குவது எதுவும் வேண்டாம். மருத்துவர் ஒரு சிறு கீறலில் வெளியேற்றிவிடுவார், வலியும் அந்த நிமிடமே பாதி இறங்கிவிடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சீழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சிவப்பு விரலில் மேலேறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். சீழுக்குப் பதிலாகத் தண்ணீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது.

இன்னொரு வகை, மெதுவாக வருவது. ஆறு வாரத்துக்கு மேலாக மடிப்பு திண்டு போல உப்பி, மங்கிய சிவப்பாக, க்யூட்டிகிளே இல்லாமல் நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். நகத்தில் குறுக்கே அலை அலையாகக் கோடு விழும். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர்கள், மீன் சுத்தம் செய்பவர்கள், சலவை வேலை செய்பவர்கள், பார்லரில் தலை அலசிவிடுபவர்கள், செவிலியர்கள் ஆகியோரிடம் இது அதிகம். பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பாகப் பூசிக்கொண்டே இருப்பார்கள். கேண்டிடா என்ற பூஞ்சை அங்கே இருப்பதும் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் ஓயாத ஈரமும் சோப்பும் உண்டாக்கும் அழற்சி. அந்த ஈரம் நிற்காமல் எந்தக் களிம்பும் இதைக் குணமாக்காது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசுவது தோலை மெலிய வைத்துவிடும். என்ன மருந்து, எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்கள் பங்கு, கையை உலர்வாக வைத்திருப்பது, மடிப்பைத் தள்ளாமலும் வெட்டாமலும் இருப்பது. க்யூட்டிகிள் திரும்ப வளர்ந்து அடைத்துக்கொள்ள மாதங்கள் ஆகும்.

நகம் பச்சையாக மாறினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். நகத்தின் நீளவாக்கில் ஒரு கருங்கோடு புதிதாக வந்து, அந்தக் கறுப்பு நகக்கண் தோலிலும் ஏறினால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது தோல் புற்றுநோயின் அறிகுறி.

கடிப்பது, தள்ளிக்கொண்டே இருப்பது

கட்டைவிரல் நகத்தின் நடுவில், துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருப்பவர்கள் கால்சியம் குறைவு என்று மாத்திரை தேடுவார்கள். அவர்களுடைய ஆள்காட்டி விரல் என்ன செய்கிறது என்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். யோசனையில் இருக்கும்போது அந்த விரலின் நகம் கட்டைவிரலின் க்யூட்டிகிளைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தள்ளலும் வேரில் ஒரு அழுத்தம், ஒவ்வொரு அழுத்தமும் ஒரு வரி. அந்த இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்திரியை ஒட்டிவைத்தால் கை அங்கே போகும் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்தும். பழக்கம் நின்றால் ஆறு மாதத்தில் நகம் வழுவழுவென்று வந்துவிடும்.

கடிக்கும் பழக்கத்துக்கு, தோல் சொரசொரப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்வதே பாதி மருந்து. நாக்கிலோ விரலிலோ ஒரு பிசிறு தட்டுப்பட்டால்தான் பல் அங்கே போகிறது. கசப்பு பாலிஷ்கள் பெரியவர்களுக்கும் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் உதவலாம். விரல் சூப்பும் குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவுவது வேண்டாம். சின்னக் குழந்தைகள் வயிற்றுக்குள் அது போனால் வலிப்பு வரை கொண்டுபோய் விட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

பாலிஷ், மருதாணி, பார்லர்

பாலிஷ் எதுவானாலும் மடிப்பிலிருந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப் பூசுங்கள். ஜெல் பாலிஷில் இது அழகுக்காக மட்டும் அல்ல. விளக்கொளியில் முழுதாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். பிற்பாடு பல் அடைப்புப் பொருளில் இருக்கும் அக்ரிலேட்டுகூடத் தொல்லை கொடுக்கலாம். ஜெல்லை உரித்தெடுக்காதீர்கள், நகத்தின் மேலடுக்கும் கூடவே வரும்.

மருதாணி வைக்கும் அன்று நகக்கண்ணில் முன்கூட்டியே எண்ணெய் தடவினால் அங்கே சிவப்பு பிடிக்காது. ஆகவே வைத்து எடுத்த பிறகு தடவுங்கள். இலை மருதாணி தோலைக் கொஞ்சம் உலர்த்தும், வேறு கெடுதல் பெரும்பாலும் இல்லை. கறுப்பு மருதாணி என்று விற்கும் கோன்களில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம். அது கொப்பளிக்க வைக்கும்.

கால் விரல்களில் மடிப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. செருப்பு, ஷூவுக்குள் ஈரமும் அழுக்கும் சேரும் இடம் அது. குளித்ததும் நகத்தோரத்தையும் விரலிடுக்கையும் துடைத்து உலர்த்தி, இரவில் வாசலின் வைத்தால் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

க்யூட்டிகிளை வெட்ட வேண்டாம் என்பதுதான் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் அறிவுரையும். ஆனால் பார்லரில் மெனிக்யூர் என்றால் வெட்டுவது பலருக்குக் கைப்பழக்கம். வெட்டுப்பட்ட மடிப்பு ஆறும்போது ஓரம் முரடாகத் தடித்து வரும்; அதைப் பார்த்ததும் மறுபடி வெட்டத் தோன்றும்; அப்படியே மாதாமாதம் ஒரு செலவாக நிலைத்துவிடும். போவதாக இருந்தால் உங்கள் குச்சியையும் நிப்பரையும் கையோடு கொண்டுபோங்கள். தள்ளினால் போதும், வெட்ட வேண்டாம் என்பதைக் கையை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர் நிப்பரை எடுத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தால், வாயைத் திறப்பதற்குள் இரண்டு விரல் முடிந்திருக்கும்.